அச்சமும் ஆறுதலும்: ஜோன் பன்யனும் கிருஷ்ணபிள்ளையும்

சமய இலக்கியத்தின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளுள் ஒன்று பழையது, இன்றும் வலுவிழக்காதது. மனிதனின் அச்சத்தைச் சமயம் முதலில் வளர்க்கின்றது, பின்னர் அதற்கு மருந்தெனத் தன்னையே விற்கின்றது, அம்மருந்து தரும் அமைதியோ உறக்கமேயன்றி வேறன்று என்பதே அக்குற்றச்சாட்டு. கிறித்தவ பக்தி நூல்களுட் பல இதற்கு இடமளிப்பன என்பதை மறுத்தல் அரிது. எனினும் ஒரு குற்றச்சாட்டின் வலுவை அளந்தறிய வேண்டுமாயின், அது சாட்டப்படும் பொருளின் தாழ்ந்த மாதிரிகளைவிட உயர்ந்த மாதிரிகளையே நோக்குதல் வேண்டும். அவ்வகையில் ஆங்கிலேயரான ஜோன் பன்யனின் நூல்களும், அவற்றுள் ஒன்றைத் தழுவித் தமிழில் எழுந்த இரட்சணிய யாத்திரிகமும் ஆராயத்தக்கன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது பிறக்கும் களங்களையும் நான்காக வகுக்கின்றது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அமைதி இவ்வெட்டனுள் இடம்பெறவில்லை. வடமொழிக் கவிதையியலில் எண்சுவையோடு பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒன்பதாவது சுவையே சாந்தம். அச்சத்துக்குத் தெளிவான களங்கள் உண்டு. அமைதிக்கு அத்தகைய களம் யாது என்ற வினா எழுகின்றது. பன்யனின் எழுத்து முழுவதையும் இவ்வினாவுக்கான விடைதேடலாகக் கொள்ளலாம்.

பன்யன் 1628 இல் பெட்போர்டை அடுத்த எல்ஸ்ரோ என்னும் ஊரிற் பிறந்தவர். பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழிலாளி. பல்கலைக்கழகக் கல்வி இல்லாதவர். உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றப் படையிற் பணியாற்றியவர். முடியாட்சி மீண்ட 1660 இலேயே, அரச திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காகச் சிறைப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று உறுதிகூறின் விடுதலை கிடைத்திருக்கும். அவர் கூறவில்லை, பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. பார்வையற்ற மூத்த மகளைப் பற்றிய கவலையே சிறையில் அவரைப் பெரிதும் வாட்டியது. 1666 இல் வெளிவந்த அவரது தன்வரலாறு இக்காலத்தின் பேறு.

அந்நூலைப் படிப்போரை முதலில் வியப்பில் ஆழ்த்துவது, அவரை அச்சுறுத்தியது வேதமே என்பதாகும். கிறிஸ்துவை விற்றுவிடு என்று தம் உள்ளத்திலே இடையறாது ஒலித்த ஒரு குரலுக்கு ஒருநாள் இணங்கிவிட்டதாக அவர் எண்ணினார். அக்கணம் முதல் எபிரெயர் நிருபத்தின் ஒரு பகுதி அவரைத் துரத்தியது. ஒருவேளை உணவுக்காகத் தன் மூத்தபிள்ளை உரிமையை விற்ற ஏசா, பின்னர் கண்ணீரோடு வேண்டியும் ஆசியைப் பெறவில்லை என்று கூறும் பகுதி அது. தாமே ஏசா என்று பன்யன் நம்பினார். ஆண்டுக்கணக்கில் நீடித்த இவ்வேதனையின்போது, கடவுளின் அருளே போதும் எனும் பொருளமைந்த கொரிந்தியர் நிருப வாக்கியம் அவர் நெஞ்சில் இடையிடையே எழுந்தது. ஆயினும் அதில் ஒரு சிறு சொல் குறைந்திருந்தது. நான்காம் வேற்றுமை ஏற்ற முன்னிலைச் சொல் அது. அருள் போதும் என்பது பொது உண்மை. யாருக்குப் போதும் என்பதே பன்யனின் வினா. வாரங்கள் சில கழிந்தபின் ஒரு கூட்டத்திலே அமர்ந்திருந்தபொழுது அக்குறைந்த சொல்லும் உடன்சேர வாக்கியம் முழுமையாக அவரை வந்தடைந்தது. அச்சுறுத்திய வாக்கியமும் ஆற்றிய வாக்கியமும் தம் உள்ளத்திலே ஒருங்கு சந்தித்தால் எது வெல்லும் என அவர் காத்திருந்ததையும், இரண்டாவது வென்றதையும் நூல் ஒரு போர்க்களக் காட்சி போலவே கூறுகின்றது.

ஈண்டு நோக்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஆறுதல் கிடைத்ததும் பன்யன் நின்றுவிடவில்லை. தம்மை அச்சுறுத்திய பகுதிகளை ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்து, முன்பின் தொடர்பு நோக்கி, அவை உண்மையில் யாரைக் குறித்தன, எதனை மறுத்தன என ஆராய்ந்தார். தொடரைத் தனித்துப் பிரித்தெடுத்தமையாலேயே அது வாளாயிற்று. இடம் நோக்கிப் பொருள் கொண்டபோது கூர் மழுங்கிற்று. நம் உரையாசிரியர்கள் சூத்திரத்துக்குப் பொருள் காணும் முறையை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அமைதி இங்கே வெறும் உணர்ச்சி வெள்ளமாக வரவில்லை. செவ்வையான வாசிப்பின் பயனாகவும் அது வந்தது.

1678 இல் வெளிவந்த மோட்சப் பிரயாணம் இவ்வனுபவத்தை உருவகக் கதையாக்கியது. கதையின் தொடக்கத்திலேயே கையில் ஒரு நூலும் முதுகில் ஒரு சுமையுமாக ஒருவன் நிற்கின்றான். நூலை வாசிக்கின்றான்; நடுங்குகின்றான்; அழுகின்றான். கிறிஸ்தியான் என்னும் அவனது பயணத்திலே தொல்காப்பியர் வகுத்த நான்கு களங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வருவது காணத்தக்கது. மரண நிழலின் பள்ளத்தாக்கிலே பேய்கள் அவன் செவியருகே இறைபழிச் சொற்களை முணுமுணுக்க, அவற்றைத் தன் மனத்தில் எழுந்தனவென்றே அவன் மயங்குகின்றான், இஃது அணங்கு. எழில்மாளிகையின் வழியிலே சிங்கங்கள் நிற்கின்றன, அவை சங்கிலியாற் கட்டப்பட்டிருப்பது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை, இது விலங்கு. சிறுவிசுவாசி என்பானை மூவர் வழிமறித்துக் கொள்ளையிட்ட கதையைக் கிறிஸ்தியான் தன் தோழனுக்குக் கூறுகின்றான், அவன் செலவுப் பணத்தை இழந்தான், அணிகலன்களோ கள்வர் கையிற் படவில்லை, இது கள்வர். மாயச் சந்தையிலே நீதிபதியின் முன் நிறுத்தப்பட்டு, உண்மையுள்ளான் தீயிலிட்டுக் கொல்லப்படுகின்றான். இஃது உலகியல் இறை.

இந்நான்கினுள் முதல் மூன்றையும் உலகியல் அரசு பற்றிய அச்சத்தையும் கடக்க உதவுவது, நான்காவதன் உயர்ந்த வடிவமாகிய தம் இறைவனை அஞ்சுதலே என்பது பன்யனின் துணிபு. அச்சத்தை வேரோடு களைதல் அவருக்கு நோக்கமன்று. எதனை அஞ்சவேண்டும் என்பதை ஒருவன் அறிந்துகொண்டால், ஏனையவற்றை அஞ்சவேண்டிய தேவை ஒழிகின்றது. கிறிஸ்தியானும் நம்பிக்கை என்னும் தோழனும் நல்லச்சத்தின் பயனைப் பற்றி நடத்தும் உரையாடல் இக்கருத்தை வெளிப்படையாகவே கூறுகின்றது.

உரையாடலிற் கூறியதைவிடப் பாத்திரப் படைப்பிற் காட்டியதே கலைநோக்கிற் சிறந்தது. அறிவீனன் என்னும் பாத்திரம் அச்சமே அறியாதவன். சிலுவை நிற்கும் வழியாக வராமல் குறுக்குப் பாதையால் வந்தவன். தன் உள்ளம் நல்லதென்று அவன் உள்ளமே அவனுக்குச் சான்று கூறுகின்றது. மரணம் எனும் ஆற்றிலே கிறிஸ்தியான் மூழ்கித் தத்தளிக்க, அறிவீனனோ வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரனின் துணையால் இடரின்றிக் கரையேறுகின்றான். ஆனால் நகரவாயிலிலே அவனிடம் சான்றிதழ் இல்லை; நரகத்துக்கு ஒரு வழி அவ்வாயிலிலிருந்தும் உண்டென்பதை நூலின் இறுதியில் வாசகன் திடுக்கிட்டு அறிகின்றான்.

இவனுக்கு எதிர்நிலையில் நிற்பவன் 1684 இல் வந்த இரண்டாம் பாகத்தின் அச்சமுள்ளான். அவநம்பிக்கைச் சேற்றின் அருகே ஒரு மாதத்துக்கு மேலாகக் கிடந்து புலம்பியவன் அவன். வாயிலைத் தட்டவும் கூசியவன். ஆனால் அவனை வழிநடத்திய பெருநெஞ்சன் ஒரு வியப்பான செய்தியைக் கூறுகின்றான்: சிங்கங்களைக் கண்டு அவன் சிறிதும் தயங்கவில்லை, மாயச் சந்தையிலோ அங்குள்ளோர் அனைவரோடும் போரிடத் துணிந்துவிட்டான். அவனுடைய அச்சமெல்லாம் தான் இறுதியில் ஏற்றுக்கொள்ளப்படுவேனோ என்பது ஒன்றே. அவன் கடந்த நாளில் ஆற்றுநீர் என்றுமில்லாதவாறு வற்றிப் பாதம் நனையும் அளவே இருந்ததாம். அச்சமின்மை வேறு, அமைதி வேறு என்பதை இவ்விரு பாத்திரங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் எளிதில் உணர்வர். அஞ்சாதவன் அழிகின்றான், அஞ்சியவன் ஆறுதல் பெறுகின்றான்.

அவ்வாறுதல் எவ்வழியில் வருகின்றது? இரு காட்சிகள் விடை தருகின்றன. மரண நிழலின் பள்ளத்தாக்கில் இருளிலே நடக்கும் கிறிஸ்தியானுக்கு, முன்னே செல்லும் எவனோ ஒருவன் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைச் சொல்லிச் செல்லும் குரல் கேட்கின்றது. முகம் தெரியவில்லை, எனினும் தன்னைப்போல் இறைவனுக்கு அஞ்சுவோர் பிறரும் இங்குள்ளனர் என அவன் தேறுகின்றான். மற்றையது ஐயக்கோட்டை. நிராசை என்னும் அரக்கனின் சிறையிலே புதன் காலை தொட்டுச் சனி இரவு வரை அடியுண்டு கிடந்தபின், வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பதைக் கிறிஸ்தியான் நினைவுகூர்கின்றான். முதற் காட்சியில் வேதம் அயலான் குரல். இரண்டாவதில் அது தன் நெஞ்சின் நினைவு. குரலும் நினைவுமாக அது தொழிற்படும் இடத்தையே அமைதியின் களமாகப் பன்யன் காட்டுகிறார். நடுங்குபவனைத் தனியனாக விடாமையே அதன் ஆற்றல்.

இக்கதை தமிழில் காப்பியமானபோது நிகழ்ந்த மாற்றம் கருதற்பாலது. திருநெல்வேலிப் பகுதியில் 1827 இல் வைணவ மரபிற் பிறந்து, 1858 இல் கிறித்தவரான எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனில் தோய்ந்தவர். 1894 இல் நூல்வடிவம் பெற்ற இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களையுடைய பெருங்காப்பியம். பன்யனிடத்திலே சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது, கிறிஸ்தியான் அதன் எதிரே வந்ததும் சுமை கழன்று உருண்டு கல்லறைக்குள் வீழ்கின்றது, அவன் வியந்து, கண்ணீர் பெருக நிற்கின்றான், கதை நகர்ந்துவிடுகின்றது. கிருஷ்ணபிள்ளைக்கு இது போதவில்லை. மூலத்தில் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளைக் குமார பருவத்திலே விரிவாகப் பாடுகின்றார். கதைப்போக்கின் இடையிடையே தேவாரம் என்னும் பெயரிலேயே இசைப்பாக்களையும் அமைக்கின்றார்.

இதனை வெறும் அலங்காரமாகக் கொள்வது பொருந்தாது. பன்யனின் வாசகன் தன் தீர்ப்பை எண்ணி அஞ்சுபவன். அவனுக்கு வேண்டியது உறுதிமொழி. கிருஷ்ணபிள்ளையின் வாசகனோ பக்தி மரபிலே வளர்ந்தவன். அவனுக்கு உருக்கமே வழி. இறைவன் துன்புறுவதைக் காணும்போது, தன்னைப் பற்றிய அவனது அச்சம் அழுகையாக மாறுகின்றது. அழுகை பாட்டாகின்றது, பாட்டிலே அமைதி பிறக்கின்றது. மெய்ப்பாட்டியல் மொழியிற் கூறின், அச்சம் நேரே அமைதியாகாமல் அழுகையின் வாயிலாக உவகையை அடைகின்றது எனலாம். பல்லவ அரசனுக்கு அஞ்சாத அப்பரின் மரபை அறிந்த தமிழ்ச் செவிக்கு இப்பாதை அந்நியமன்று. அதே வேளையில் ஓர் இழப்பும் உண்டு. காப்பியத்தின் ஓங்கிய நடையிலே, பன்யனின் பேச்சுவழக்கு உரைநடைக்குரிய அண்மை தளர்கின்றது. சேற்றில் விழுந்தவனின் மூச்சிரைப்பை மூலத்திற் கேட்பது போலக் காப்பியத்திற் கேட்க முடிவதில்லை.

பன்யனிடத்தும் குறைகள் இல்லாமலில்லை. மனைவி மக்கள் கூவி அழைக்க, செவிகளைப் பொத்திக்கொண்டு ஓடும் கிறிஸ்தியான் இன்றைய வாசகனை நெருடவே செய்வான். மனைவியும் மக்களும் அயலாரும் ஒருங்கே பயணம் செய்யும் இரண்டாம் பாகம் இந்நெருடலுக்கு ஆசிரியரே அளித்த விடை எனலாம். அறிவீனனின் முடிவிலோ அத்தகைய திருத்தம் எதுவும் இல்லை. அங்கே தீர்ப்பு இரக்கத்தை விழுங்கிவிடுகின்றது.

இனித் தொடக்கத்திற் கூறிய குற்றச்சாட்டுக்கு மீளலாம். இவ்வமைதி உறக்கமாயின், அது மனிதனை அதிகாரத்துக்குப் பணிய வைத்திருக்கும். பன்யனின் வாழ்வு அதற்கு மாறான சான்று. சிறையிலிருந்தபோது தூக்குமேடையை எண்ணி அவர் நடுங்கினார். ஏணியில் ஏறும்போது முகம் வெளிறி முழங்கால் தள்ளாடினால் தம் விசுவாசத்துக்கு இழுக்காகுமே என்பதே அவரது கவலை. மறுமையில் ஆறுதல் கிடைக்குமென்ற உறுதிகூட அவ்வேளை அவரிடம் இல்லை. கிடைப்பினும் கிடைக்காவிடினும் தம் வாக்கினின்றும் பிறழ்வதில்லை எனத் துணிந்த பின்னரே அவர் நெஞ்சு தேறிற்று. பிற்கால வரலாறும் இதனை வலியுறுத்துகின்றது. ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்கள் இரண்டனுள் ஒன்றாக மோட்சப் பிரயாணத்தைக் கருதியவர் சமய எழுத்தாளர் அல்லர். 1963 இல் ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கத்தை ஆராய்ந்த மார்க்சிய வரலாற்றாசிரியரான ஈ. பி. தொம்சன். சந்தையின் நீதிமன்றத்தை அஞ்சாத வழிப்போக்கனிடத்தே ஏழைத் தொழிலாளி தன்னைக் கண்டான் போலும்.

ஆகவே சமய இலக்கியம் தரும் அமைதியை மதிப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் இங்கே கிடைக்கின்றது. அச்சத்தை மறக்கச் செய்யும் அமைதி அறிவீனனின் ஓடம் போன்றது. ஆற்றைக் கடப்பிக்கும், வாயிலிற் கைவிடும். அச்சத்தை நேரே நோக்கி, அஞ்சத்தக்கதையும் தகாததையும் பகுத்தறியச் செய்யும் அமைதியோ சங்கிலியைக் கண்ணுக்குக் காட்டுகின்றது. சிங்கங்கள் அப்பொழுதும் வழியிலேயே நிற்கின்றன. வழிப்போக்கன் பாதையின் நடுவே நடந்து செல்கின்றான்.