மூன்றாவது பை

திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையை இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றுதான் சொல்கிறோம். கோஷா வழக்கத்தாலும் சாதிக் கட்டாலும் ஆண் மருத்துவரிடம் போகாத பெண்களுக்காக, மேரி ஷார்லிப்பின் முயற்சியில் 1885இல் தொடங்கப்பட்டது அது. பெண்ணுடம்பை யார் பார்ப்பது என்பது அன்றைய கேள்வி. அந்த உடம்பில் எதைப் பார்க்கிறோம் என்பது இன்னும் தீராத கேள்வி.

என் சித்தி ஒரு வருடமாக நெஞ்செரிச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை. “நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிட்டால் வாயுதான்” என்றோம். வயிறு வீங்கியதும் ‘கர்ப்பப்பைக் கோளாறு’ என்றோம். சி.டி. ஸ்கேனில் இரண்டு சினைப்பைகளிலும் கட்டி இருந்தது. அறிக்கையில் இன்னொரு வரி: இரைப்பைச் சுவர் தடித்திருக்கிறது. புற்று தொடங்கிய இடம் அதுதான் என்று எண்டோஸ்கோப்பி உறுதிசெய்தது.

இப்படிச் சினைப்பைக்குப் பரவும் கட்டிக்கு க்ரூக்கன்பெர்க் கட்டி என்று பெயர். 1896இல் அதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் க்ரூக்கன்பெர்க், அது சினைப்பையிலேயே தோன்றுவதாக நினைத்தார். பெரும்பாலும் இரைப்பையிலிருந்து வருவது என்று சில ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. ஆனாலும், தவறிப் பார்த்தவரின் பெயரே நிலைத்துவிட்டது. ஒருவகையில் நம் வீட்டின் பார்வைக்கும் அந்தப் பெயர் பொருந்தும்.

சி.டி. படம் சினைப்பையோடு நிற்பதில்லை. வயிறு முழுவதையும் அடுக்கடுக்காகக் காட்டுகிறது. கட்டி இருபுறமும் உள்ளதா, கெட்டியானதா, நீர் நிறைந்த அறைகள் கொண்டதா என்று கவனிக்கிறார்கள். இரைப்பையிலிருந்து பரவியவை பெரும்பாலும் கெட்டியாகவும், பெருங்குடலிலிருந்து பரவியவை அதிகமும் நீரறைகளோடும் தெரியும். பிறகு இரைப்பை, பெருங்குடல், குடல்வால், கணையம் என்று தேடுகிறார்கள். தொடங்கிய இடத்தைப் பொறுத்தே மருந்தும் அறுவையும் மாறும். ஆனால் சிறிய இரைப்பைப் புற்று சி.டி.யில் தப்பிவிடலாம், எண்டோஸ்கோப்பியும் திசுப் பரிசோதனையும் வேண்டும். அவற்றை ஒருவர் கேட்பதற்கு, அந்தப் பெண் சொன்ன நெஞ்செரிச்சல் முதலில் நோயாளிக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டும்.

கர்ப்பப்பை, சினைப்பை, இரைப்பை. தமிழில் மூன்றும் பைதான். முதலிரண்டும் பிறருக்குப் பிள்ளை தருபவை. அதனால் எல்லோர் கண்ணும் அங்கே. மூன்றாவது அவளுடைய பசிக்கு மட்டும் உரியது.

இந்தக் குறையில் எங்கள் எழுத்துக்கும் பங்குண்டு. குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வெளிவந்தபோது எழுந்த கூச்சலை மறக்க முடியாது. மறுக்கப்பட்ட சொற்களை மீட்டது பெரிய காரியம். ஆனால், எதிர்த்தபோதும் அவர்கள் சுட்டிய உறுப்புகளையே நானும் பாடினேன். கருவறை பற்றி எத்தனையோ கவிதைகள் எழுதியிருக்கிறேன். இரைப்பை பற்றி ஒன்றுகூட இல்லை.

சித்தி இப்போது இல்லை. மாணவிகளிடம் நான் கேட்பது இதுதான்: வீட்டில் ஒரு பெண் “சோறு இறங்கலை” என்றால், எத்தனை நாளாக என்று கேளுங்கள். மருத்துவரிடம் கூடவே போய், அதையும் சொல்லுங்கள்.