காடர்கள், வேடர்கள், ஒரு கோடி ரூபாய்

2021 செப்டம்பர் 12 முதல் டிசம்பர் 12 வரை ஜீ தமிழில் 'சர்வைவர்' என்றொரு நிகழ்ச்சி ஓடியது. ஆப்பிரிக்கக் கரையோரத்தில் சான்சிபார் தீவு. நடத்தியவர் நடிகர் அர்ஜுன். சினிமாவிலும் சின்னத்திரையிலும் முகம் தெரிந்தவர்களே பெரும்பாலும் போட்டியாளர்கள். அவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஒன்றுக்குக் 'காடர்கள்' என்றும் இன்னொன்றுக்கு 'வேடர்கள்' என்றும் பெயர் வைத்தார்கள். வெளியேறியவர்களைக் கொண்டுபோய் வைக்கிற தீவுக்குப் பெயர் 'மூன்றாம் உலகம்'. கூடி உட்கார்ந்து ஓட்டுப்போட்டு ஆளைக் கழிக்கிற இடம் 'ட்ரைபல் பஞ்சாயத்து'. கடைசிவரை தாக்குப்பிடித்தால் ஒரு கோடி ரூபாய்.

எங்கள் தெருவில் ஒரு ராத்திரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா கேட்டது: "ஏன்டா, பட்டினி கெடந்தா காசு குடுப்பானுங்களா? இது தெரியாம நாம சும்மால்ல கெடந்திருக்கோம்."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெரியம்மா கேட்டது வேடிக்கைக் கேள்வி இல்லை. ஒரே பட்டினி, ஒரே எலி, ஒரே கிழங்கு. ஓரிடத்தில் அது 'திறமை', இன்னோரிடத்தில் 'கேவலம்', மூன்றாவது இடத்தில் 'குற்றம்'. இதை யார் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் பெயர் விசயம். காடர் என்பது அணிப்பெயர் அல்ல. ஆனைமலையில் வாழ்கிற ஒரு மக்களின் பெயர். தேன் எடுப்பதும் கிழங்கு தோண்டுவதும் காட்டு வழி அறிவதும் அவர்கள் பிழைப்பு. தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. மலைவேடன் என்ற பெயரும் இருக்கிறது. மலைவேடன் என்று சாதிச் சான்றிதழ் வாங்கக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை நடை நடக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 'நீ வேடன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?' என்று கேட்பார்கள். தொலைக்காட்சியில் ஒரு துணியைத் தலையில் கட்டிவிட்டால் போதும், நடிகர் வேடர் ஆகிவிடுகிறார். யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

அதே காலத்தில் நிஜக் காடர்களுக்கு என்ன நடந்தது? ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கள்ளாறு குடியிருப்பில் 2019 ஆகஸ்ட் மழைக்கு மண் சரிந்து குடும்பங்கள் வீடிழந்தன. தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். 'எங்களுக்குக் காட்டுக்குள்ளேயே தெப்பக்குளமேட்டில் இடம் கொடுங்கள்' என்று அந்த மக்கள் கேட்டார்கள். இரண்டு வருசம் போராடித்தான் 2021இல் அந்த இடத்தைப் பெற்றார்கள். டிவியில் 'காடர்கள்' குடிசை கட்டி மகிழ்ந்த அதே வருசம், குடிசை போட ஒரு துண்டு நிலத்துக்காக உண்மைக் காடர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த நிகழ்ச்சியின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். 1997இல் ஸ்வீடனில் 'ராபின்சன் பயணம்' என்ற பெயரில் இது ஆரம்பித்தது. 1719இல் டேனியல் டீஃபோ எழுதிய ராபின்சன் குரூசோதான் அந்த ராபின்சன். தீவில் ஒதுங்கிய வெள்ளைக்காரன், அங்கே கிடைத்த கறுத்த மனிதனுக்கு 'வெள்ளிக்கிழமை' என்று பேர் வைக்கிறான். தன்னை 'எஜமான்' என்று கூப்பிடச் சொல்லிக்கொடுக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்திருக்குமே என்று கதை கவலைப்படுவதில்லை. பேரைப் பிடுங்குவதும் பேரை எடுத்துப் போட்டுக்கொள்வதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். 2006இல் அமெரிக்க 'சர்வைவர்' இன்னும் ஒருபடி போய், போட்டியாளர்களைக் கறுப்பர், வெள்ளையர், ஆசியர், லத்தீனர் என்று இனவாரியாக நான்கு 'பழங்குடிக் குழு' ஆக்கியது. கண்டனம் கிளம்பியது. நம்மூரில் பழங்குடிப் பெயரையே எடுத்து வைத்தபோது ஒரு முணுமுணுப்பும் பெரிதாகக் கேட்கவில்லை.

சரி, இந்த ஆட்டத்துக்கு என்ன திறமை வேண்டும்? 'சர்வைவர்' வகையில் காடு வெறும் திரைச்சீலை. அங்கே ஜெயிக்க வேண்டியது காட்டை இல்லை, மனுசனை. யாரோடு சேருவது, யாரை எப்போது கழற்றிவிடுவது, ஓட்டை எப்படித் திரட்டுவது என்பதே வித்தை. அதற்குத் தீவு தேவையில்லை, நம்மூர் கூட்டுறவு சங்கத் தேர்தலே போதும்.

நியாயமாகப் பேசுவதென்றால் 2015இல் அமெரிக்க ஹிஸ்டரி சேனலில் ஆரம்பித்த 'அலோன்' வேறு மாதிரி. 10 பேரைத் தனித்தனியாகக் காட்டில் விடுகிறார்கள். பட்டியலிலிருந்து ஆளுக்கு 10 சாமான். கேமராவையும் அவரவரே பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டெடுப்பு கிடையாது. கடைசியாக மிஞ்சுகிறவருக்குப் பரிசு. அதைப் பார்த்தால் பிழைப்பின் கணக்கு புரியும். தண்ணீரைக் காய்ச்ச நெருப்பு, நெருப்பைக் காக்கக் கூரை, கூரை போட உடம்பில் தெம்பு. ஒரு முயலைத் துரத்துவதில் செலவாகிற சக்தி அந்த முயலில் கிடைக்கிறதைவிட அதிகமானால், துரத்தாமல் சும்மா படுத்துக்கொள்வதே புத்தி. அதனால் விவரமான ஆள் ஓடுவதில்லை. கண்ணி வைக்கிறார், வலை கட்டுகிறார், காத்திருக்கிறார். கொழுப்பில்லாத முயல்கறியை மட்டும் தின்றுகொண்டிருந்தால் வயிறு நிறைந்தும் உடம்பு செத்துப்போகும். பலர் பசியால் அல்ல, தனிமை தாங்காமல் வெளியேறுகிறார்கள். 2019இல் ஆறாவது தொடரில் ஜெயித்த ஜோர்டான் ஜோனாஸ் 77 நாள் தாக்குப்பிடித்தார். அவர் சைபீரியாவில் கலைமான் மேய்க்கிற எவென்கி மக்களோடு வாழ்ந்து கற்றுக்கொண்டவர். அதாவது அந்தப் பரிசின் அடியில் ஒரு பழங்குடியின் பாடம் இருக்கிறது. ஆட்டம் நடந்த கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையோ டெனே மக்களின் பூமி. எந்தக் கேமராவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக அங்கே குளிர்காலத்தைக் கடந்தவர்கள் அவர்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான சாமான் அந்த 10இல் சேராது. அது செயற்கைக்கோள் போன். முடியவில்லை என்றால் கூப்பிட்டால் போதும், ஆள் வந்து கூட்டிப்போவார்கள். ரொம்ப இளைத்துவிட்டால் மருத்துவரே நிறுத்திவிடுவார். நம் சேரியில் பஞ்சகாலத்தில் எந்தப் போனை எடுத்து எவனைக் கூப்பிடுவது? விலகிக்கொள்ள முடிகிற பட்டினிக்குப் பெயர் விளையாட்டு. விலக முடியாத பட்டினிக்குப் பெயர் சாதி.

2000இல் வந்த அமெரிக்க 'சர்வைவர்' முதல் தொடரில் போட்டியாளர்கள் எலி பிடித்துத் தின்றார்கள். துணிச்சல் என்று பேசினார்கள். நம்மிடத்தில் எலிக்கறி தின்கிறவன் என்பது வசவு. வளையின் மற்ற வாய்களை அடைத்து, ஒரு வாயில் பானையை வைத்துப் புகை ஊதி, எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுக்கிற இருளரின் வேலையில் எவ்வளவு கணக்கு இருக்கிறது! எங்கள் பாட்டி நண்டு பிடிக்கக் கூட்டிப்போகும்போது சொல்லும்: "வள வாயில புதுச் சேறு தள்ளியிருந்தா நண்டு. வழவழன்னு கெடந்தா கைய வக்காத, உள்ள வேற ஆளு குடியிருக்கான்." இதைச் சொல்லிக்கொடுக்க எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் நத்தைக்குழம்பு கொண்டுபோன அன்று பக்கத்து வரிசையே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது. அதற்கப்புறம் நான் நத்தை தின்றதில்லை. எம்.ஏ. வரைக்கும் படித்துச் சங்க இலக்கியத்தில் குறிஞ்சித்திணை உணவு என்று பரீட்சை எழுதினேன். பாட்டியின் உணவை மறைத்தேன். தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

மூன்றாவதாகக் குற்றம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் பின்னால் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடைக்கும் பிறகு, பாம்பு பிடித்த இருளர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் வந்த பிறகே, விசமுறிவு மருந்துக்கு விசம் எடுத்துத் தரும் வேலையாக அந்த அறிவு மறுபடி நிமிர்ந்தது. 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைத்துப்போனார்கள். போன இரண்டே வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் பத்மஸ்ரீ. சந்தோசம்தான். ஆனால் விருது இரண்டு பேருக்கு. சந்தேகக் கேசில் ராத்திரி கதவு தட்டப்படுவதோ சமூகம் முழுவதற்கும்.

2019 ஆகஸ்டில் பியர் கிரில்ஸோடு பிரதமர் கார்பெட் காட்டில் நடந்ததை உலகமே பார்த்தது. 2020 மார்ச்சில் ரஜினிகாந்த் பந்திப்பூர் காட்டில் நடந்ததைப் பார்த்தோம். அதே 2019 பிப்ரவரி 13 அன்று, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் மனு நிராகரிக்கப்பட்ட லட்சக்கணக்கான குடும்பங்களைக் காட்டைவிட்டு வெளியேற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போராட்டத்துக்குப் பின் பிப்ரவரி 28இல் நிறுத்திவைத்தது. விருந்தாளிக்கு அனுமதிச் சீட்டு, குடியிருந்தவனுக்கு வெளியேற்ற நோட்டீஸ்.

எலிக்கறியும் பட்டினியும் நம் பெருமை என்று கொடி பிடிக்க வரவில்லை. பசி யாருக்கும் கலாச்சாரம் ஆகாது. எங்கள் பிள்ளைகள் வளையில் கைவிட வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்டுப் படிக்கட்டும். ஆனால் அந்தக் கை எதையெல்லாம் அறிந்திருந்ததோ, அதை அறிவு என்று எழுதிவைக்க வேண்டும். அந்த அறிவுக்கு நிலமும் காட்டுரிமையும் கூலியும் கேட்க வேண்டும். நம் பத்திரிகைகளில் பாட்டிமாரின் வாய்மொழியைப் பதிவு செய்யத் தோழர்கள் ஆளுக்கு ஒரு ஊர் எடுத்துக்கொண்டால்கூடப் போதும், ஒரு வருசத்தில் பெரிய தொகுப்பு வந்துவிடும்.

பெரியம்மாவிடம் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. போன வாரம் போனபோது, நத்தைக்குழம்பு எப்படி வைப்பது என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எழுதிக்கிறியா? எழுதிக்க" என்றது.