கல்லெழுத்தின் ஒளிப்படி: லினேயஸ் ட்ரைப்பின் தஞ்சைச் சுருளும் சுவடிப் பதிப்பியலும்

முன்னுரை

நூலகங்களின் சிறப்புச் சேகரங்களில் சுவடிகளும் பழம் ஒளிப்படங்களும் ஒரே கூரையின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டாலும் இருவேறு அட்டவணைகளில் இடம்பெறுகின்றன. சுவடி அதன் வாசகத்தால் அறியப்படுகிறது. நூற்பெயர், ஆசிரியர், பொருள், தொடக்கமும் முடிவும் அதன் அடையாளங்கள். ஒளிப்படமோ எடுத்தவர் பெயர், இடம், ஆண்டு ஆகியவற்றால் அறியப்படுகிறது. பெரும்பாலான நேர்வுகளில் இப்பகுப்பு பயன் தருவதே. ஆனால் வாசகத்தையே உருவமாகக் கொண்ட ஒளிப்படம் எந்தப் பக்கத்தைச் சேரும்? லினேயஸ் ட்ரைப் 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த கல்வெட்டுச் சுருள் இவ்வினாவை எழுப்புகிறது. அச்சுருளை ஒரு படியாகக் கருதி, சுவடிப் பதிப்பியல் வகுத்துள்ள அளவைகளைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பகுப்பின் பழமை

சுவடியையும் படத்தையும் பிரிக்கும் வழக்கம் ஒளிப்படக்கலைக்கு முந்தியது. காலின் மெக்கன்சி தென்னாட்டில் ஓலைச்சுவடிகள், ஊர்வரலாறுகள், கல்வெட்டுப் படிகள், ஓவியங்கள், நாணயங்கள் ஆகியவற்றை ஒருசேரத் திரட்டினார். 1821இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பை அரசு விலைக்கு வாங்கியது. எச். எச். வில்சனின் விளக்க அட்டவணை 1828இல் வெளிவந்தது. பின்னர்த் தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னையை அடைந்து, 1869இல் தோன்றிய கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயின. ஓவியங்கள் பெரும்பாலும் லண்டனுக்குச் சென்றன. ஓர் ஊரைப் பற்றிய செய்தி ஒரு நாட்டிலும் அவ்வூர்க் கோயிலின் வரைபடம் மற்றொரு நாட்டிலும் தங்கின. ஒன்றையொன்று விளக்க வேண்டிய சான்றுகள் தனித்தனியே படிக்கப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

சுருளின் இயல்பு

ட்ரைப் (1822-1902) கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையைச் சேர்ந்த அலுவலர். 1855இல் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் பர்மாவைப் படமெடுத்தார். 1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டார். மதுரை, புதுக்கோட்டை, திருவரங்கம், தஞ்சை, திருச்சிராப்பள்ளி முதலிய இடங்களை அவர் எடுத்த படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவலியன் செலவைக் குறைக்கும் நோக்கில் இப்பணியை நிறுத்தினார்.

இப்படங்களுள் தனித்து நிற்பது தஞ்சை விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளைக் காட்டும் சுருள். 21 படிகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டு ஏறத்தாழ 19 அடி நீளம் கொண்டது. கல்வெட்டு வரிகள் கிடைமட்டமாக நீண்டு செல்பவை. அவற்றை ஒரே சட்டகத்துள் அடக்க இயலாது. எனவே கருவியைச் சுவரை ஒட்டி நகர்த்தி, தொடர்ச்சி கெடாமல் துண்டு துண்டாக எடுத்து இணைக்க நேர்ந்தது. சுருளின் வடிவத்தை முடிவு செய்தது கட்டடத்தின் அழகன்று, வாசகத்தின் நீளமே.

அப்போது அவ்வாசகம் பதிப்பிக்கப்படவில்லை. கோயிலைக் கட்டியவர் யார் என்பதிலேயே தலபுராண மரபின் செல்வாக்கு மேலோங்கியிருந்தது. இ. ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி 1891இல் வந்தபோதுதான் தஞ்சைக் கல்வெட்டுகளின் வாசகம் ஆய்வுலகின் பொதுவுடைமையாயிற்று. முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், தானும் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளை விமானத்தில் கல்வெட்ட ஆணையிட்ட செய்தி அதனால் துலங்கியது. படியெடுத்தலுக்கும் பதிப்புக்கும் இடையே 33 ஆண்டுகள் கழிந்துள்ளன.

பதிப்பு மறைப்பதும் படம் காட்டுவதும்

அச்சுப் பதிப்பு இருக்கையில் பழைய படம் எதற்கு என்ற வினா இயல்பானது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் மயங்கும். ஓலைச்சுவடியிலும் இவையே இடர்ப்பாடுகள். பதிப்பாசிரியர் ஒவ்வோரிடத்தும் ஒரு முடிவு எடுக்கிறார். அச்சேறியபின் எது கல்லில் உள்ளது, எது ஆசிரியர் துணிந்தது என்பதைப் படிப்போர் எளிதில் பிரித்தறிய இயலாது. தஞ்சைக் கல்வெட்டுகள் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நிறுத்துச் சொல்பவை. எடை குறிக்கும் ஒரு சொல் பிறழ்ந்தாலும் கணக்கு மாறும். இத்தகைய இடங்களில் பதிப்புக்கு முற்பட்ட ஒரு சான்று இருப்பது சிறிய பேறன்று.

மைப்படியும் இப்பணியைச் செய்யும். ஆயினும் மைப்படி கல்லின் பரப்பை மட்டுமே தாளுக்கு மாற்றுகிறது. கற்களின் இணைப்பு, அடுக்குகளின் அமைப்பு, எழுத்து கட்டட உறுப்போடு கொண்ட உறவு ஆகியன அதில் தங்குவதில்லை. ஒளிப்படம் இவற்றை எழுத்தோடு சேர்த்தே தருகிறது.

ஒளிப்படம் என்னும் படி

இதனால் ஒளிப்படத்தைப் பிழையற்ற மூலமாகக் கொள்வது மற்றொரு தவறாகும். 1880களில் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் உறுதிப்படுத்திய பதிப்புநெறி, எந்தப் படியும் மூலமன்று என்ற தெளிவில் நின்றது. ஏடு எழுதியவரின் பழக்கம், ஏட்டின் சிதைவு, இடைச்செருகல், ஏட்டு வரிசையின் மாற்றம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தே பாடம் தேர்ந்தனர். இதே வினாக்களை ட்ரைப்பின் படங்களிடமும் கேட்கலாம்.

முதலாவது இடைச்செருகல். அக்காலத் தாள் நெகட்டிவ் நீல ஒளிக்கு மிகுதியாக இசைந்ததால் வானம் வெற்றுவெளியாகப் பதிந்தது. ட்ரைப் நெகட்டிவின்மீது நிறமி தீட்டி அவ்வெளியில் மேகங்களைச் சேர்த்தார், இலைத்தொகுதிகளையும் திருத்தினார். கோயில் உண்மை, மேகம் கைவேலை. எனவே கல்வெட்டுப் பகுதியைச் சான்றாகக் கொள்ளுமுன், அங்கும் கை பட்டுள்ளதா என்பது நெகட்டிவ் கிடைக்குமிடத்து அதனோடு ஒப்பிட்டு அறியப்பட வேண்டும்.

இரண்டாவது வரிசை. 21 படிகளின் ஒட்டுவாய்கள் ஏட்டு வரிசையை ஒத்தவை. ஒவ்வோர் ஒட்டுவாயிலும் எழுத்து மறைந்ததா, இரட்டித்ததா என்று காண வேண்டும். மூன்றாவது ஒளி. பக்கவாட்டில் விழும் வெயிலில் தெளிவாகும் வெட்டு, நேர்வெயிலில் மங்கும். படத்தில் காணாத எழுத்து கல்லிலும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அட்டவணையின் பொறுப்பு

ஜேனட் டூவன் 2003இல் வெளியிட்ட விளக்க அட்டவணையும், 2014-15இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் நிகழ்ந்த கண்காட்சியை ஒட்டி ரோஜர் டெய்லரும் கிரிஸ்பின் பிரான்ஃபுட்டும் எழுதிய நூலும் ட்ரைப் ஆய்வின் அடிப்படை நூல்கள். பிரான்ஃபுட் தமிழகக் கோயிற்கட்டடக்கலையில் ஆழ்ந்தவர் என்பதால் படங்களின் களம் அங்குப் புறக்கணிக்கப்படவில்லை. ஆயினும் ஒரு கலைஞரின் படைப்புகளைத் தொகுக்கும் நூலுக்குக் கலைஞரே மையம். கல்வெட்டு அவருடைய பாடுபொருள்களுள் ஒன்றாகிவிடும். கல்வெட்டை மையமாக்கும் பார்வை தமிழாய்வுப் புலத்திலிருந்தே வரவேண்டும்.

அதற்கு அட்டவணையில் சில செய்திகள் இடம்பெற வேண்டும். சுருளின் ஒவ்வொரு துண்டிலும் காணப்படும் கல்வெட்டு எது, அச்சுப்பதிப்பில் அதன் எண் யாது, எந்த வரி முதல் எந்த வரி வரை தெரிகிறது, ஒட்டுவாய் எங்கு விழுகிறது, திருத்தத்தின் தடம் உண்டா என்பன அவை. இவை தமிழெழுத்திலும் பதியப்பட்டால், இராசராசன் கொடைகளைத் தேடுவோர் ட்ரைப்பின் பெயரை அறியாமலேயே இச்சான்றை அடைவர். எடுத்தவர் பெயரே வாயிலாக உள்ளவரை, கல்வெட்டைத் தேடி வருவோருக்கு அக்கதவு திறப்பதில்லை.

முடிவுரை

இவ்வாதம் தஞ்சைச் சுருளோடு நிற்பதன்று. ஓலைச்சுவடிகள் மின்னுருவாக்கம் பெறும் இந்நாளில் சுவடியும் ஒளிப்படமாகவே ஆய்வாளர் கைக்கு வருகிறது. ஓரம் வெட்டப்பட்டால் விளிம்பிலுள்ள ஏட்டெண் போகும். ஒளிமாறுபாடு மிகுக்கப்பட்டால் மை தடவாத கீறல் மறையும். எழுத்தில்லா ஏடும் சட்டமும் விடுபட்டால் சுவடியின் கட்டமைப்பு அழியும். ட்ரைப்பின் மேகங்களை ஐயுறும் கண், இத்திரைப் படிமங்களையும் ஐயுற வேண்டும். எந்தக் கருவியால், எவ்வளவு திருத்தத்துடன் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாத படிமம், எழுதியவரும் காலமும் அறியப்படாத ஏட்டுக்கு ஒப்பானது; பயன்படும், ஆனால் ஒப்பிட்டபின்பே நம்பத்தக்கது. சுவடித்துறையும் ஒளிப்படத்துறையும் தம் அட்டவணைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும்போதுதான் அவ்வொப்பீடு தொடங்க முடியும்.