சாது

'சாது' என்ற சொல்லைத் துறவிக்கும் வைத்திருக்கிறோம், யாருக்கும் தொந்தரவு தராத பையனுக்கும் வைத்திருக்கிறோம். முன்னவன் தன்னைத் தானே அடக்கிக்கொண்டவன். பின்னவனை யார் அடக்கினார்கள் என்று அந்தச் சொல் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. 'அடக்கம்' இன்னும் விசேஷமானது. வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கிய குணத்துக்கும் மயானத்தில் நடக்கும் காரியத்துக்கும் தமிழில் ஒரே சொல்தான். இதை வெறும் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட முடியவில்லை. சென்னையில் பல ஆண்டுகள் நடந்த ஓர் அறுவை சிகிச்சையைப் பற்றிய மருத்துவ எழுத்தை விமர்சகனின் கண்ணோடு படிக்கும்போது இந்தச் சொற்கள்தான் குறுக்கே வந்து நிற்கின்றன.

பி. ராமமூர்த்தி 1950-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் பணியாற்றினார். அவரும் வி. பாலசுப்பிரமணியமும் டி.எஸ். கனகாவும் 1960-களிலிருந்து செய்தது இது: கட்டுக்கடங்காத ஆவேசம் கொண்டவர்களின், அவர்களில் பலர் குழந்தைகள், தலையை உலோகச் சட்டத்தில் பொருத்தி, எக்ஸ்ரே படத்தை வைத்து அளவெடுத்து, மண்டையில் சிறு துளை வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்தி, இரு பக்கமும் உள்ள அமிக்டலாவில் ஒரு சிறு பகுதியை அழிப்பது. அமிக்டலா என்பது பொட்டின் உட்புறத்தில், பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் நரம்பணுக் கூட்டம். பயமும் ஆத்திரமும் அதன் வழியாகத்தான் உடம்புக்குள் இறங்குகின்றன. ஜப்பானில் நரபயாஷி இதை முன்பே செய்திருந்தார். ஸானோ ஹைபோதலாமஸில் செய்தார். சென்னைக் குழுவின் கணக்கை ராமமூர்த்தி 1988-ல் வெளியிட்டார். மொத்தம் 603 அறுவைகள்; அவற்றில் 481 அமிக்டலாவில், 122 ஹைபோதலாமஸில்.

எண்களை விட எனக்கு முக்கியமாகப் படுவது மொழி. இந்தச் சிகிச்சைக்கு அவர்கள் ஸானோவிடமிருந்து எடுத்துக்கொண்ட பெயர், 'சாந்தப்படுத்தும் நரம்பு அறுவை' என்று தமிழில் சொல்லலாம். 1969-ல் வந்த கட்டுரையின் தலைப்பு அதை நடத்தை விஞ்ஞானத்துக்கு ஒரு கொடை என்கிறது. 1970 கட்டுரையில் பலன்களைத் தரம் பிரிக்கிறார்கள். மருந்தே வேண்டாமல் மற்றவர்களோடு பழகுகிறவன் முதல் தரம். பெரும்பாலும் பணிந்து, எப்போதாவது சீறுகிறவன் அடுத்த தரம். மருந்து கொடுத்தால் சமாளிக்க முடிகிறவன் அதற்கும் கீழே. இந்த அளவுகோல் யாருடைய கையில் இருக்கிறது என்று பாருங்கள். பணிவு, சமாளிக்க முடிவது இவையெல்லாம் எதிரில் நிற்பவனின் அனுபவங்கள். உள்ளே இருப்பவனுக்கு என்ன ஆயிற்று? அவன் கட்டுரைக்குள் ஒரு தடவைகூட 'நான்' என்று பேசுவதில்லை. இலக்கணப்படி அவன் எப்போதும் செயப்படுபொருள்.

இதைச் சொல்லி டாக்டர்களைக் கொடியவர்களாக்கிவிடுவது சுலபம். அமெரிக்காவில் 1970-களில் மூளை அறுவைக்கு எதிராக எழுந்த குரல்களில் அந்தச் சுலபம் இருந்தது. நான் மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவன். பக்கத்துப் போர்ஷன் பையனைப் பகலில் வேட்டித் துணியால் தூணில் கட்டிவைப்பார்கள். அவிழ்த்தால் தன் கையைக் கடித்துக்கொள்வான், தங்கையின் முடியைக் கொத்தாகப் பிடுங்குவான். அவன் அம்மா இரவு முழுக்கத் தூங்கி நான் பார்த்ததில்லை. அந்த மாமியிடம் ஊசியால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால், இலக்கணமெல்லாம் அவள் கேட்டிருக்க மாட்டாள். கட்டுவது அன்றோடு தீர்ந்த கதையும் அல்ல. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். சங்கிலியைப் பார்த்த கண்ணுக்கு ஊசி கருணையாகத்தான் தெரியும்.

ஆனால் ஊசி என்ன எடுத்தது என்ற கேள்வி கருணையால் அழிந்துவிடுவதில்லை. அமிக்டலா கோபத்தின் கிடங்கு மட்டுமல்ல என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. நடந்ததில் எது மனதில் தங்க வேண்டும் என்பதில் அதற்குப் பங்கு உண்டு. பயமோ சந்தோஷமோ தொட்ட சம்பவம் ஆழமாகப் பதிவது அதனால்தான். 1930-களின் கடைசியில் க்ளூவரும் பூசியும் குரங்குகளின் பொட்டு மடல்களை, அமிக்டலாவோடு சேர்த்து, அகற்றினார்கள். குரங்குகள் சாதுவாயின. அதோடு பாம்பைக்கூடப் பயமின்றிக் கையில் எடுத்துப் பார்த்தன. சாதுத்தனம் தனியாக வருவதில்லை.

தமிழில் உள்ளே இருப்பவன் பேசிய ஒரு புத்தகம் இருக்கிறது: எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' (1992). மகாலிங்கத்தின் காதுகளில் குரல்கள் குடியேறுகின்றன. கேலி செய்கின்றன, ஆபாசம் பேசுகின்றன. முருக பக்தனான அவன் அவற்றுக்கு நடுவே சம்சாரம் நடத்துகிறான், வறுமையில் விழுகிறான். எம்.வி.வி. தானே அனுபவித்ததைத்தான் எழுதினார். 1993-ல் சாகித்ய அக்காதெமி பரிசு கிடைத்ததும் நம்மவர்கள் அதை ஆன்மிக நாவல், தாந்திரீக அனுபவம் என்றெல்லாம் வகைப்படுத்தி நிம்மதியடைந்தார்கள். (பரிசு பெற்ற நாவலைப் படிக்காமலிருக்க இது ஒரு வழி.) கலையாக அது எல்லா இடத்திலும் தேறவில்லை. குரல்களின் பேச்சு திரும்பத் திரும்ப வந்து அலுக்கிறது. ஆனால் அந்த அலுப்பு பொய்யில்லை. குரல் கேட்கிறவனுக்கு அத்தியாய இடைவெளி கிடையாது. குரல் கேட்கும் நேரத்தில் மூளையின் பேச்சுப் பகுதிகள் நிஜமாகவே இயங்குவதை இன்று ஸ்கேன் காட்டுகிறது. ஸ்கேன் காட்டாதது, அந்தக் குரல்களோடு வாதாடிக்கொண்டே ஒருவன் பெண்டாட்டி பிள்ளைகளின் அரிசிக்கு அலைவது. அது நாவலில் இருக்கிறது. மகாலிங்கம் யாருக்கும் பணியவில்லை. சமாளிக்கிறான், அந்த வினையின் எழுவாயாக.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூளை அறுவைக்குச் சம்பந்தப்பட்டவனின் சம்மதமும் வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது. 'சம்பந்தப்பட்டவனின்' என்ற இந்த ஆறாம் வேற்றுமை வந்து சேர இத்தனை காலம் ஆயிற்று. பேச்சே வராத ஒன்பது வயதுப் பையனின் சம்மதம் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பக்கத்துப் போர்ஷன் பையனுக்கு ஊசி நேரவில்லை. மாத்திரைகள் வந்தன. கட்டு அவிழ்ந்தது; மாமி தூங்கினாள்; குடித்தனக்காரர்கள் எல்லாரும் 'பையன் சாதுவாயிட்டான்' என்றார்கள். அதற்கு முன்னால் லஸ் முனைக்குக் கூட்டிப்போனால் வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்து, 12பி, 5பி, 21 என்று கத்துவான். வீட்டுக்கு வந்து எந்த வரிசையில் வந்தனவோ அந்த வரிசை பிசகாமல் ஒப்பிப்பான். பிறகும் மாமி அவனைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிற்பாள். பஸ்கள் வரும். அவன் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எண்ணை அவள்தான் சொல்லுவாள்.