னூ இறங்கும் இடம்

புதிதாக எந்த எழுத்துரு கைக்கு வந்தாலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது எங்கள் ஊர்ப் பெயரைத்தான். வில்லியனூர். வி, லி இரண்டுக்கும் தலையில் சுழி. ல், ர் இரண்டுக்கும் புள்ளி. நடுவில் ஒன்றும் சூடாமல் ஒரு ய. அதற்கடுத்து னூ: அடிக்கோட்டைத் தாண்டி இறங்கி, வளைந்து, மறுபடி ஏறி, வலப்பக்கம் ஒரு காலையும் ஊன்றிக்கொண்டுதான் நிற்கும். ஆறே எழுத்தில் தமிழின் உச்சியும் பாதாளமும் வந்துவிடுகின்றன. பாகூரும் நல்ல பெயர்தான். ஆனால் அதில் மேலே ஒரு புள்ளியோடு சரி.

அந்தப் பெயரை மேலும் கீழுமாக இரண்டு வரி அடுக்குவேன். கீழ் வரியை இரண்டெழுத்து தள்ளி ஆரம்பித்தால், மேல்வரி னூவுக்கு ஏறக்குறைய நேர் கீழே லி வந்து நிற்கும். இறங்குகிற காலும் ஏறுகிற சுழியும் சந்திக்கிற இடம் அது. அங்கே மூச்சுவிட இடம் இருக்கிறதா, நெரிகிறதா, இல்லை இரண்டு வரியும் அந்நியப்பட்டுப் போகிற அளவுக்கு விலகிவிட்டதா? ஒரு பக்கத்தைச் செய்தவரின் கை எப்படிப்பட்டது என்று அந்த ஒரு இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

மற்றவர்கள் வேறு எதையெல்லாமோ ரசிக்கிறார்கள். உருட்ட உருட்ட மிதந்து வரும் படங்கள், விரல் பட்டால் துள்ளும் பொத்தான்கள். அவற்றில் உழைப்பு இருக்கிறது, நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூன்றாம் முறை பார்க்கும்போது துள்ளல் சலித்துவிடும். நல்ல வரி இடைவெளி முந்நூறாவது முறையும் சலிக்காது. அது இருப்பதே படிப்பவருக்குத் தெரியாது.

வேலை புதுச்சேரியில், ஒரு டிஜிட்டல் ஏஜென்சியில். வில்லியனூரில் பஸ் ஏறினால் மூலக்குளம், ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சதுக்கத்தில் இறங்கி நடக்கிற தூரம். விடுதி, உணவகம், கைவினைக் கடை என்று யார் வந்தாலும் தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்பார்கள். எனக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் அதுதான். பிரெஞ்சில் பெரிய எழுத்தின் தலைமேல் சாய்கோடு ஏறும், சின்னக் கூரை ஏறும். சில எழுத்தின் காலடியில் கொக்கி தொங்கும். கேள்விக்குறிக்கு முன்னால் உடையாத மெல்லிய இடைவெளி ஒன்று வைக்க வேண்டும். மறந்தால் குறி மட்டும் தனியாக அடுத்த வரிக்கு ஓடிவிடும். தமிழுக்கோ மேலேயும் இடம் வேண்டும், கீழேயும் வேண்டும். இறுக்கமான சட்டைக்குள் அடங்கிக்கொள்வது மூன்றில் ஆங்கிலம் மட்டும்தான். வெள்ளை நகரத்துத் தெருப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் கால் இன்னொன்றின் தலையில் இடிக்காத பலகையைக் கண்டால், எழுதியவரின் கையை எண்ணி இன்றைக்கும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் யோசனையை ஹோகன் வியூம் லீ 1994 அக்டோபரில் முன்வைத்தார். 1996 டிசம்பரில் வந்த முதல் தரநூலிலேயே வரி இடைவெளிக்கான லைன்-ஹைட் உண்டு. நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால் உலாவி எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதில் சொன்ன அளவு 1.0 முதல் 1.2 வரை. லத்தீன் எழுத்துக்குப் பொருந்தும் எண் அது. தமிழுக்கு அது நடை வைத்த வீட்டில் திண்ணை இல்லாத மாதிரி. பத்திக்கு 1.7, தலைப்புக்கு 1.4 என்பது என் கணக்கு. 2018-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 விதிகளில், படிப்பவர் வரி இடைவெளியை 1.5 ஆக்கிக்கொண்டாலும் பக்கத்தில் எதுவும் சிதையக் கூடாது என்று ஒரு நிபந்தனை வந்தது. பார்வை குறைந்தவர்களை நினைத்து வைத்த நிபந்தனை. அதை மதித்துச் செய்த பக்கங்களில் தமிழும் சேர்ந்து பிழைத்துக்கொண்டது.

இதையெல்லாம் எனக்கு ஊட்டியவர் முதல் ஏஜென்சியில் மூத்தவராக இருந்த ஓர் அண்ணன். நான் எழுதிய கோப்பைத் திறந்து, 24 பிக்சல் என்று இருந்ததை அழித்துவிட்டுச் சொன்னார்: “வெறும் எண்ண மட்டும் எழுதுடா. பிக்சல் போட்டா அப்பன் சட்டைய அப்படியே புள்ளைக்கு மாட்டிவிட்ட மாதிரி.” பத்திக்கு வைத்த 24 பிக்சல் 40 பிக்சல் தலைப்புக்கும் அப்படியே இறங்கும், வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். வெறும் 1.7 என்று எழுதினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனவன் உடம்புக்கு அளவெடுத்த சட்டை. அன்றிலிருந்து லைன்-ஹைட்டுக்குப் பின்னால் பிக்சலைக் கண்டால் என் கை தானாக அழிக்கப் போகிறது.

எழுத்துருவில் என் மனம் கேட்டமரனிடம்தான். பிரியா ரவிச்சந்திரன் வரைந்தது. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய், பெயர் திரிந்து, தமிழ் எழுத்தாகத் திரும்பி வந்திருக்கிறது. மெல்லியதிலிருந்து தடித்தது வரை ஒன்பது கனம். தமிழுக்குச் சாய்வெழுத்து ஒட்டாது. உலாவி தானாகச் சாய்க்கிற போலிச் சாய்வில் சுழிகள் காற்றில் சாய்ந்த கீற்றுப் பந்தல் போல ஆகிவிடும். அழுத்திச் சொல்ல நமக்கு இருக்கிற வழி கனம்தான். ஒன்பது படி இருப்பதால் கேட்டமரனில் ஒரு சொல்லைக் கத்தாமல் எடுத்துக்காட்ட முடிகிறது: பத்தி 400, அந்த ஒரு சொல் மட்டும் 500. அவ்வளவு போதும்.

பக்கத்து மேசைத் தம்பி முக்தா மலர் கட்சி. மும்பை ஏக் டைப் கூடத்தின் எழுத்து. சின்ன அளவில் அதுதான் தெளிவு என்பான். அதை நான் மறுத்ததில்லை. படிவத்தின் கட்டங்களுக்கு அவன் எழுத்தையே வைக்கச் சொல்வேன். நோட்டோவே போதும் என்பவர்களும் உண்டு. எங்கே வைத்தாலும் நோட்டோ தவறாது, உண்மைதான். ஆனால் ஒரு சமையலைப் பற்றி ‘உப்பு சரியாக இருக்கிறது’ என்று மட்டும் சொல்லி இலையை மடித்தால் சமைத்தவர் மனம் நிறையுமா?

இந்தத் தேர்வே ஒரு பாக்கியம். ஊர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தமிழ்ச் செய்தி படித்த நாட்கள் நினைவிருக்கிறது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஓர் எழுத்துரு. இறக்காவிட்டால் திரை முழுக்கக் குறியீட்டுக் குப்பை. யூனிகோடு வந்த பிறகும் எக்ஸ்பியில் சிக்கலான எழுத்துகளுக்கான கட்டத்தில் டிக் போட்டு நிறுவாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கொம்பு முன்னால் வந்து நின்ற அன்று, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படி ஏங்கி ஏங்கிப் பெற்ற எழுத்து இது.

அதனால்தான் இப்போது பார்க்கிற அலட்சியம் வலிக்கிறது. வடிவமைப்பை ஆங்கிலத்தில் முடித்து, ஒப்புதலும் வாங்கி, கடைசி வாரத்தில் தமிழை அதே பெட்டிக்குள் திணிக்கிறார்கள். பொத்தானுக்கு உயரத்தைக் கட்டிப்போட்டு, மிஞ்சியதை மறைக்கச் சொல்லிவிட்டால் முதலில் போவது புள்ளி. ஒரு படிவத்தில் ‘பெயர்’ என்பதை ‘பெயர’ என்றே படித்தேன். ஆங்கிலத் தலைப்புக்கு அழகாக இருக்கிறது என்று எழுத்திடை விலக்கத்தைத் தமிழுக்கும் போடுகிறார்கள். ஊர்ப் பெயர் ஆறு துண்டாகக் கிடக்கிறது. டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியில் 5எக்ஸ்எல் எழுத்தளவை எடுத்தாலே லைன்-ஹைட் 1 கூடவே வரும். இரண்டு வரித் தமிழ்த் தலைப்பில் மேல்வரி னூ கீழ்வரி லியின் சுழிக்குள் காலை விட்டுவிடும். கருவியைக் குறை சொல்லமாட்டேன். மாற்ற ஒரே ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லை எழுத யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எண்ணுவதிலும் இதே கதை. வில்லியனூரை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் நீளம் கேட்டால் 11 என்கிறது. சுழியையும் புள்ளியையும் தனித்தனி ஆளாக எண்ணுகிறது. அதிலேயே இருக்கிற இன்ட்ல் செக்மெண்டரிடம் கேட்டால் 6 என்று நம்மைப் போலவே எண்ணும். ஆனாலும் பழைய கணக்கையே நம்பி 20 எழுத்து வரம்பு வைக்கிறார்கள். ‘வில்லியனூர் கொம்யூன்’ என்றதும் கதவு மூடிவிடும். பஞ்சாயத்து வெளியே நிற்கிறது.

எங்கள் ஊர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. அந்தக் கலைஞர் குடும்பம் ஒன்றுக்கு மூன்று மொழியில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். குதிரை, யானை, விளக்கு. படங்கள் சின்னவை, பக்கம் இலேசு, சுமாரான சிக்னலிலும் திறக்கும். முடிந்ததும் கொட்டகைக்கே கொண்டுபோய்க் காட்டினேன். வீட்டுப் பெரியம்மா களிமண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, எட்டப் பிடித்து, மெதுவாக உருட்டிப் படித்தார்கள். “எழுத்து ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்கு தம்பி. காயவைக்கறப்ப நாங்களும் இப்படித்தான் காத்துக்கு எடம் விட்டு வைப்போம்.” பின்னால் நிழலில் குதிரைகள் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தன.

அந்தப் பக்கத்துக்கு லைன்-ஹைட் 1.75 வைத்திருந்தேன். மறுநாள் கோப்பைத் திறந்து, பின்னால் வருகிறவர்களுக்காக அந்த எண்ணுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்: ‘இதைக் குறைக்க வேண்டாம். னூ இங்கேதான் இறங்குகிறது.’