நவீன பணக் கோட்பாடு: காஞ்சிபுரத்திலிருந்து ஒரு விமர்சனப் பார்வை

சொந்த நாணயத்தை வெளியிடும் அரசுக்கு அந்த நாணயத்தில் பணம் தீர்ந்துபோகவே முடியாது என்பது நவீன பணக் கோட்பாட்டின் தொடக்கப் புள்ளி. அமெரிக்காவின் வாரன் மோஸ்லர், ராண்டல் ரே, ஸ்டெஃபனி கெல்டன் ஆகியோர் இதை வளர்த்தெடுத்தவர்கள். இதன் வேர் பழையது. ஜெர்மானியரான க்னாப் 1905இல் எழுதிய நூலும், 1943இல் அப்பா லெர்னர் முன்வைத்த கருத்தும் இதற்கு முன்னோடிகள். கெல்டனின் 2020ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகு இது பொது வாசகர்களிடமும் வந்து சேர்ந்தது.

வரவுக்குள் செலவு செய்வதுதான் நல்ல குடும்பம், அரசும் அப்படித்தான் என்று சமூக அறிவியல் வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தக் கோட்பாடு முதலில் உடைப்பது அந்தப் பாடத்தைத்தான். குடும்பம் ரூபாயைச் சம்பாதிக்கிறது. அரசு ரூபாயை உண்டாக்குகிறது. அரசு முதலில் செலவு செய்கிறது, பிறகு வரியாக ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. வரியின் முதல் வேலை கஜானாவை நிரப்புவது அல்ல. அந்த நாணயம் எல்லாருக்கும் தேவைப்படும்படி செய்வதும், மிகுதியான பணத்தை வற்றச் செய்து விலையை அடக்குவதும்தான்.

நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை என்று தறிக்கு ஒரு வரி வருகிறது. வரியைக் காசாகத்தான் கட்ட வேண்டும் என்று ஓர் அரசு சொன்னால், நெசவாளர் அந்தக் காசுக்காகத் துணியை விற்றே ஆக வேண்டும். ஆனால் பழைய வரிகளில் பெரும்பகுதி நெல்லாகவும் பொருளாகவும் கட்டப்பட்டது. ஆகவே பணத்தின் மதிப்பு முழுவதும் வரியிலிருந்தே பிறக்கிறது என்பதை நான் அப்படியே ஏற்கவில்லை.

கோட்பாட்டின் நல்ல பகுதி அடுத்து வருகிறது. பணம் எங்கிருந்து வரும் என்று கேட்காதே, கையும் நூலும் சும்மா இருக்கின்றனவா என்று கேள் என்கிறது. 2020 ஊரடங்கில் பிள்ளையார்பாளையம் தெருக்களை நினைத்துப்பாருங்கள். நெசவாளர் வீட்டில்தான் இருந்தார், தறியும் இருந்தது. கல்யாணங்கள் சுருங்கியதால் சேலை கேட்க ஆள் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அரசு கூலி கொடுத்திருந்தால் விலைவாசி ஏறியிருக்காது. பற்றாக்குறை என்று பயந்து கையைக் கட்டிக்கொள்வது அப்போது வீண் பயம்தான். இந்த இடத்தில் கோட்பாட்டின் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் எந்த அரசு? இங்கேதான் கோட்பாடு நம் ஊருக்குப் பொருந்தாமல் போகிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் நேரில் பார்க்கும் அரசு மாநில அரசு. கூட்டுறவுச் சங்கத் தள்ளுபடி, இலவச மின்சாரம் எல்லாம் கோட்டையிலிருந்து வருபவை. அந்த அரசால் ஒரு ரூபாய்கூட வெளியிட முடியாது. மத்திய அரசின் கடன் நிலுவையில் இருக்கும்வரை, அரசியலமைப்பின் 293ஆவது பிரிவின்படி புதுக் கடனுக்கும் டெல்லியின் ஒப்புதல் வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, சொந்தமாக வரியை ஏற்றிக்கொள்ளும் இடமும் குறைந்துவிட்டது.

2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டபோது, தமிழகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருப்பதாகச் சொன்னார். அரசுக் கடனைக் குடும்பக் கணக்காகப் பிரிப்பதைக் கெல்டன் போன்றோர் கடுமையாக மறுப்பார்கள். டெல்லியின் கடனுக்கு அவர்கள் மறுப்பு சரி. தமிழ்நாட்டின் கடனுக்கு அமைச்சரின் உவமைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. மாநிலங்கள் நாணயத்தைப் பயன்படுத்துபவை மட்டுமே என்று கோட்பாடும் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு மைய அரசின் பக்கம் போய்விடுகிறது. மக்களைத் தொடும் செலவில் பெரும்பங்கை மாநிலங்கள் செய்யும் நாட்டில் இது சின்ன அடிக்குறிப்பு அல்ல.

சரி, டெல்லியாவது சுதந்திரமாகச் செலவு செய்யலாமா? 1955 முதல் 1997 வரை கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. இருப்பு குறைந்தால் தற்காலிகக் கருவூல உண்டியல்கள் தானாகப் பிறந்து, ரிசர்வ் வங்கி பணம் கொடுத்துவிடும். 1997 ஏப்ரலில் அது நின்றது. 2003ஆம் ஆண்டு நிதிப் பொறுப்புச் சட்டப்படி, 2006 ஏப்ரல் முதல், விதிவிலக்கான சூழல் தவிர, அரசுப் பத்திரங்களை வெளியீட்டிலேயே ரிசர்வ் வங்கி வாங்கக் கூடாது. இவை நாமே போட்டுக்கொண்ட கட்டு என்பார்கள் இக்கோட்பாட்டினர். உண்மைதான்.

1991ஆம் ஆண்டு நாம் போட்டுக்கொண்ட கட்டு அல்ல. இரண்டு வார இறக்குமதிக்கே அந்நியச் செலாவணி இருந்த நிலையில், ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மைய வங்கிகளிடம் அடகு வைத்தோம். ரூபாய் எத்தனை அச்சடித்தாலும் டாலர் ஆகாது என்பதை அன்று செய்தித்தாள் படித்த எல்லாரும் புரிந்துகொண்டோம். டாலரை வெளியிடும் நாட்டில் பிறந்த கோட்பாட்டுக்கு இந்தப் பயம் தெரியாததில் வியப்பில்லை. நம் பட்டுச் சேலையே இதற்குச் சாட்சி. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும், ஒரு பங்கு சீனாவிலிருந்தும் வருகிறது. சரிகைக்கான தங்கமும் வெள்ளியும் பெரும்பாலும் இறக்குமதிதான்.

கையும் அப்படியே. கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் உட்கார வேண்டும். அந்தக் கை பழக ஆண்டுகள் ஆகும். நெசவாளர் பிள்ளைகள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதச் சம்பளம் என்ன என்பது ஆசிரியனுக்குத் தெரியும். தறியில் ஆள் இல்லாதபோது தள்ளுபடியை இரட்டிப்பாக்கினால் சேலை கூடாது, விலைதான் கூடும். வேலை கேட்பவருக்கெல்லாம் அரசே வேலை தரட்டும் என்பது கோட்பாட்டின் மருந்து. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தை அதற்கு அருகிலான உதாரணமாகச் சொல்லலாம். அது கிராமத்துக்கு மட்டுமானதாக இருந்தது. நகரத்து நெசவாளருக்கு அதில் இடமிருக்கவில்லை. இருந்தாலும் கோர்வை தெரிந்தவரைக் குளம் வெட்ட அனுப்புவதை மருந்து என்று எப்படிச் சொல்வது?

2020 மே மாதத்துக்குத் திரும்புவோம். அன்று மத்திய அரசு மாநிலங்களின் கடன் வரம்பை உற்பத்தி மதிப்பில் 3 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக உயர்த்தியது. கூடுதல் 2 சதவீதத்தில் அரை சதவீதத்துக்கு மட்டும்தான் நிபந்தனை இல்லை. மீதியைப் பெற ரேஷன் அட்டை, மின் விநியோகம், தொழில் அனுமதி, நகராட்சி வருவாய் ஆகியவற்றில் டெல்லி சொன்ன சீர்திருத்தங்களைச் செய்ய வேண்டும். தறிகள் நின்றிருந்த அந்த மாதத்தில், ரூபாயை வெளியிட முடிந்த அரசு, வெளியிட முடியாத அரசுக்குக் கடன் வாங்க அனுமதி கொடுத்தது.