இரவைத் தாண்டும் பங்குகள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஜெனரல் ஷிப்ட் பார்ப்பவருக்குச் சந்தை நேரம் ஒத்துவராது. காலை 9.15 முதல் மாலை 3.30 வரை அவர் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறார். ஆகவே எளாவூரிலிருந்து வேலைக்குப் போகும் ஒருவர், அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயை விட்டு, இன்று வாங்கி நாளை விற்கும் வழக்கத்துக்கு வருவதில் நியாயம் உண்டு. இன்ட்ராடே ஒன்றும் பத்திரமான இடமல்ல. 2022-23இல் அதில் இறங்கிய தனிநபர்களில் பத்துக்கு ஏழு பேர் நட்டப்பட்டார்கள் என்கிறது செபியின் ஆய்வு.

இரவில் வரும் லாபமும் பொய்யல்ல. காலாண்டு முடிவுகள் பல சந்தை மூடிய பிறகே வருகின்றன; அமெரிக்கச் சந்தை திறப்பதும் நமக்கு இரவில்தான். 2024 மே 31, வெள்ளிக்கிழமை நிஃப்டி 22,531இல் முடிந்தது. மறுநாள் மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் வந்தன. திங்களன்று திறந்ததே 23,338இல். வெள்ளியன்றே விற்றவருக்கு அந்த எண்ணூறு புள்ளியில் ஒன்றுகூடச் சேரவில்லை.

இதே கதவு மறுபக்கமும் திறக்கும். 2025 ஏப்ரல் 4, வெள்ளியன்று நிஃப்டி முடிந்தது 22,904இல். டிரம்பின் வரிக்குச் சீனா பதிலடி அறிவிக்க, திங்கள் காலை 21,758இல் திறந்தது. ஐந்து சதவீதம் போயிற்று, நடுவில் ஒரு வியாபாரம்கூட நடக்காமல். நூறு ரூபாய்ப் பங்குக்கு 98இல் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தாலும், அது 95இல் திறந்தால் 95தான் கைக்கு வரும். லிமிட் விலையோடு போட்டிருந்தால் விற்காமலே தொங்கும். 2024 ஜூன் 4இல், தேர்தல் முடிவன்று, நிஃப்டி கிட்டத்தட்ட ஆறு சதவீதம் விழுந்தது. ஆனால் அது பெரும்பாலும் பகலில் நடந்த சரிவு. வெளியேற நினைத்தவருக்கு வழி இருந்தது.

செலவும் கூடும். லட்ச ரூபாய்ப் பங்கை அன்றே விற்றால் பரிவர்த்தனை வரி சுமார் 25 ரூபாய். இரவு தாண்டினால் வாங்கவும் விற்கவும் சேர்த்து 200.

என் குறை வேறு இடத்தில். இரவைக் கணக்குப் போட்டு வைத்திருப்பவர் குறைவு. மூன்று மணிக்கு இன்ட்ராடே நட்டத்தில் நிற்கும். புரோக்கர் தானாக முடித்துவிடுவதற்குள் அதை டெலிவரியாக மாற்றி, "நாளைக்கு ஏறிடும்" என்று வைப்பவர்களே அதிகம் கண்ணில் படுகிறார்கள். அதை முதலீடு என்று வேறு சொல்லிக்கொள்வார்கள்.

சொந்தப் பணமென்றால் அதுவும் தாங்கும். புரோக்கரின் எம்டிஎஃப் கடனில், 25,000 போட்டு லட்சத்துக்குப் பங்கு வைத்திருந்தவருக்கு, ஐந்து சதவீத இறக்கம் என்பது போட்ட பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சனி, ஞாயிறுக்கும் சேர்த்து வட்டி தனி.